பனையிலிருந்து விழுந்தவரை ஏற்றும் முறை

ஆசிரியர் அவர்களுக்கு,

பனையிலிருந்து தவறி விழுந்த கள்ளுச் சீவல் தொழிலாளியை அயலவர்கள் உடனே ஓட்டோவில் ஏற்றிச் சென்றதைத் தங்கள் செய்தி பாராட்டியிருந்தது. வேகம் நல்லதே, ஏற்றும் முறைதான் ஆபத்து. முள்ளந்தண்டென்பு முறிந்தாலும் உள்ளிருக்கும் முண்ணாண் (மூளையிலிருந்து கீழிறங்கும் நரம்புத் தண்டு) சேதமின்றித் தப்பியிருக்கலாம். கைகால்களில் பிடித்துத் தூக்கி, ஒடுங்கிய ஆசனத்தில் மடக்கி இருத்தும்போதுதான் விலகிய என்பு அதை நசுக்குகிறது. அறுபட்ட முண்ணாண் நரம்பிழைகள் மீள வளர்ந்து இணைவதில்லை. முதுகில் என்றால் கால்களும் சிறுநீர்க் கட்டுப்பாடும் போகும். கழுத்து என்புகளின் 3 முதல் 5 வரையான மட்டத்தில் என்றால், மூச்சிழுக்கும் தசையான பிரிமென்றகட்டை இயக்கும் நரம்பு செயலிழந்து மூச்சே நின்றுவிடலாம்.

எமது கிராமங்களில் இன்றும் விழுந்தவரை நிமிர்த்தி இருத்தித் தண்ணீர் பருக்குவதே முதல் வேலை. அதைக் கைவிட்டு, 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அம்புலன்ஸை அழைத்து, அது வரும்வரை ஒருவர் தலையை இரு கைகளாலும் அசையாது பிடித்திருக்க வேண்டும். நகர்த்தியே ஆகவேண்டுமெனில், மேலும் மூவர் தோள், இடுப்பு, கால் ஆகியவற்றைப் பிடித்து, உடல் முறுகாமல் ஒருசேர உருட்டிப் பலகையில் கிடத்தலாம். பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் இதற்கு அரைநாள் பயிற்சி அளித்து, கள் விற்கும் தவறணைதோறும் ஆள்நீளப் பலகை ஒன்றையும் வைக்கலாம்.

வாசகர்,
சாவகச்சேரி