முறுக்குக் கணக்கு

மண்டபம்,
மே 18

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரமே கிடைத்தது. பேரப்பிள்ளைகளின் கோடை விடுமுறையால் பதில் தாமதமாகிவிட்டது. தடைக்காலம் என்பதால் விசைப்படகுகளெல்லாம் வடகடல் கரையில் ஓய்ந்து கிடக்கின்றன. வலை சீர்செய்கிறவர்களின் பேச்சுச் சத்தம் காலையிலேயே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. முழங்கால் வலியைத் தவிர எல்லாம் நலம்.

உன் மாணவியின் புரோமோட்டர் சிக்கலுக்கு வருகிறேன். மரபணுவைப் படியெடுக்கும் பாலிமரேஸ் நொதி வந்து அமரும் டி.என்.ஏ. பகுதிதானே புரோமோட்டர், அதிலுள்ள இரண்டு அடையாள எழுத்துத் தொடர்கள்தானே இந்தப் பெட்டிகள். -35 பெட்டியில் டிடிஜிஏசிஏ, -10 பெட்டியில் டிஏடிஏஏடி என இரண்டையும் எழுத்துப் பிசகாமல் வைத்தும், ஈ. கோலை பாக்டீரியாவில் அவள் வைத்த மரபணு செயல்படாமல் ஊமையாகவே இருக்கிறது என்று எழுதியிருந்தாய். நீ அனுப்பிய வரிசையை விரல் வைத்து எண்ணினேன். பெட்டிகளுக்கு நடுவே 21 கார இணைகள், அதாவது இரு இழைகளின் எழுத்துச் சோடிகள், இருக்கின்றன. ஈகோ-ஆர்-1 நொதியால் வெட்டிய முனைகளை நிரப்பி ஒட்டினால் 4 இணைகள் கூடும் என்பதை அவள் மறந்திருக்கிறாள். வழக்கமான 17 இருந்த இடம் 21 ஆகிவிட்டது. எம்.எஸ்ஸி. படித்தபோது இதே தவற்றைச் செய்துவிட்டு, மூன்று மாதம் நான் வளர்ப்பு ஊடகத்தைக் குறைசொல்லித் திரிந்தது உனக்கு நினைவிருக்கும். ஆகவே அவளைக் கடிந்துகொள்ளாதே.

நாலே இணைகள்தானே, பாலிமரேஸ் சற்று எட்டிப் பிடிக்காதா என்று கேட்டிருக்கிறாய். தூரம் மட்டும்தான் என்றால் எட்டலாம். ஆனால் ஒவ்வோர் இணையும் 3.4 ஆங்ஸ்ட்ராம் என்ற மிகச் சிறு நீளத்தைக் கூட்டுவதோடு, சுமார் 34 பாகை திருப்பியும் விடுகிறது. டி.என்.ஏ.வும் முறுக்கிய கயிறுதானே. பக்கத்து வீட்டு மீனவரிடம் ஒரு சாண் முப்புரிக் கயிறு வாங்கி, ஒரே புரியில், இரண்டு இடங்களும் என்னைப் பார்த்திருக்கும்படி, இரு பெட்டிகளுக்குப் பதிலாகச் சிவப்பு நூல் கட்டினேன். இரண்டாவது நூலை அதே புரியின் வழியே ஒரு விரற்கடை தள்ளியதும் அது கயிற்றின் முதுகுக்குப் போய்விட்டது. பாலிமரேஸுக்குப் புரோமோட்டரை அடையாளம் காட்டும் சிக்மா-70 என்ற புரதக் காரணியின் 4-ஆம் பகுதி -35 பெட்டியையும், 2-ஆம் பகுதி -10 பெட்டியையும் ஒரே நேரத்தில் பற்ற வேண்டும். -10 பெட்டியில்தான் இழைகள் பிரியவும் தொடங்குகின்றன. உன் மாணவியின் வரிசையில் அந்தப் பெட்டி 130 பாகைக்கும் மேலாகத் திரும்பி நிற்கிறது.

இதற்காக 17 என்பதைக் கல்வெட்டாகக் கொள்ள வேண்டியதில்லை. 1982-இல் ஸ்டெஃபானோ, கிரல்லா என்ற ஆய்வாளர்கள் ஈ. கோலையின் லாக் புரோமோட்டரில் பெட்டிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை மாற்றிப் பார்த்தபோது 17-தான் வலுவாக இருந்தது. ஆனால் இயற்கையான லாக் புரோமோட்டரின் இடைவெளி 18. நம் காலத்தில் எல்லோரும் கையாண்ட டாக் என்ற செயற்கைப் புரோமோட்டரில் 16-தான், அதன் வலிமையில் யாருக்கும் ஐயமில்லை. ஓர் இணை கூடினாலும் குறைந்தாலும் சிக்மாவும் டி.என்.ஏ.வும் வளைந்து கொடுத்துச் சமாளிக்கின்றன.

என்னை இன்னும் வியக்க வைப்பது பாதரசத்தைத் தாங்கும் பாக்டீரியாக்களின் மெர் புரோமோட்டர்தான். அதன் இடைவெளி 19. நாம் வகுப்பில் இதைக் குறைபாடுள்ள புரோமோட்டர் என்று சொல்லிக் கடந்துவிட்டோம். அது நம் அவசரம். மெர்-ஆர் என்ற புரதம் அந்த இடைவெளியின் மேலேயே அமர்ந்து, பாலிமரேஸ் பக்கத்தில் வந்து நின்றாலும் வேலை தொடங்காமல் தடுத்து வைத்திருக்கிறது. பாதரச அயனி வந்து ஒட்டியதும் அதே புரதம் நடுவிலுள்ள முறுக்கைத் தளர்த்த, விலகி நின்ற இரு பெட்டிகளும் சிக்மாவின் பிடிக்குள் திரும்புகின்றன. என் கயிற்றின் முறுக்கையும் இரு நூல்களுக்கு நடுவே சற்றுப் பிரித்துப் பார்த்தேன். முதுகுக்குப் போன நூல் மெல்ல எட்டிப் பார்த்தது. அந்த 19-இலிருந்து இரண்டை நீக்கினால் மெர்-ஆரும் வேண்டாம், பாதரசமும் வேண்டாம், பாதரசத்தைத் தாங்க உதவும் மரபணு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். நஞ்சு இல்லாத நாளிலும் மருந்து காய்ச்சிக்கொண்டிருப்பது எந்த உயிருக்குக் கட்டுப்படியாகும்?

முதலில் அந்த 4 இணைகளை நீக்கச் சொல். அது இப்போதைக்கு இயலாதென்றால், -10 பெட்டிக்கு ஓர் எழுத்து முன்பாக டிஜி என்ற இரண்டெழுத்து அமையும்படி மாற்றிப் பார்க்கலாம். சிக்மாவின் 3-ஆம் பகுதி அதைப் பற்றிக்கொள்வதால் -35 பெட்டியின் தேவை குறையும். இருந்தாலும் நீக்குவதே நேர்வழி என்பேன்.

கயிற்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இரண்டாவது நூலை இறுக்காமல் விட்டிருக்கிறேன். அவளே தள்ளிப் பார்க்கட்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்