ஆண்டறிக்கை: புரோக்கன் ஹில் போய் வந்த ஆண்டு

தலைவருக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இயங்கும் நம் சங்கத்தின் ஓராண்டுப் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

பொங்கல் விழா, விளையாட்டு நாள், தமிழ் வகுப்பு எல்லாம் வழக்கம்போல் நடந்தன. நிர்வாகக் குழு மாதம் தவறாமல் கூடியது. ஒருமுறை மட்டும் போதிய ஆள் வராததால் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

புதிதாகச் செய்தது, பக்கத்து மாநிலத்துச் சுரங்க ஊரான புரோக்கன் ஹில்லுக்குச் சுற்றுலா. 500 கிலோமீட்டருக்கு மேல் போய் வெறும் மண்ணைப் பார்ப்பதா என்று போன பொதுக்குழுவில் கேட்டார்கள். கேட்டவர்கள்தான் அதிகம் படம் எடுத்தார்கள் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

வழியில் பர்ராவில் இறங்கினோம். 1845இல் செம்பு கண்டுபிடிக்கப்பட்ட ஊர். சுரங்க வேலைக்கு வந்த குடும்பங்கள் வீடு கிடைக்காமல் ஓடைக்கரையைக் குடைந்து குடியிருந்தன. 1851இல் சுமார் 1,800 பேர் அப்படி இருந்தார்களாம். எஞ்சியிருக்கும் குடைவில் குனிந்து நுழைந்த நம் மூத்த உறுப்பினர், "மழை வந்தா என்ன பண்ணுவாங்க?" என்றார். வெள்ளம் வந்துதான் அவர்களைக் கிளப்பியது.

புரோக்கன் ஹில்லில் 1883இல் சார்லஸ் ராஸ்ப் என்ற ஆட்டுப்பண்ணைத் தொழிலாளி, வெள்ளீயம் இருக்கும் என்று நினைத்து ஒரு குன்றுக்கு உரிமை பதிந்தார். இருந்ததோ வெள்ளி, ஈயம், துத்தநாகம். 1885இல் அங்கே பிறந்த கம்பெனிதான் இன்று உலகப் பெரும் சுரங்க நிறுவனமான பிஎச்பி. ஆக்சைடு, குளோரைடு, அயோடைடு என்றுதான் தெருக்களுக்குப் பெயர். பிளஸ் டூ கெமிஸ்ட்ரியை மறந்தவர்கள் அங்கே வழி கேட்பது கஷ்டம்.

ஊர் நடுவே மலைபோல் சுரங்கக் கழிவு மேடு. அதன்மேல், சுரங்கத்தில் இறந்த 800க்கும் மேற்பட்டோரின் நினைவகம். ஒவ்வொரு பெயருக்கும் எப்படி இறந்தார் என்று எழுதியிருக்கிறது. பாறை விழுந்து, ஈய நஞ்சு ஏறி என்று பிள்ளைகள் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார்கள். பாதியில் அவர்களாகவே நிறுத்திவிட்டார்கள். 1919இல் இவ்வூர்த் தொழிலாளர்கள் 18 மாதம் வேலைநிறுத்தம் செய்து வாரத்துக்கு 35 மணி நேர வேலையை வாங்கினார்கள். ஏன் என்று அந்த இடத்தில் யாரும் கேட்கவில்லை.

ஊரைச் சுற்றியுள்ள உப்புப் புதர்களையும் சொல்ல வேண்டும். விறகுக்கும் சுரங்க முட்டுக்கும் மரமெல்லாம் போய், புழுதி வீட்டுக்குள் குவிந்த காலம் உண்டு. 1936இல் ஆல்பர்ட் மோரிஸ் என்ற உள்ளூர்த் தாவர ஆர்வலர் முன்னின்று ஊரைச் சுற்றி வேலி போட வைத்தார். ஆடும் முயலும் வராததால் செடி தானாகவே முளைத்தது. அந்த வேலியோரம்தான் நாம் புளியோதரை சாப்பிட்டோம்.

ஒரு குழப்பமும் நடந்தது. நியூ சவுத் வேல்ஸில் இருந்தாலும் அவ்வூருக்கு அடிலெய்டு நேரம்தான். பலரது போன் சிட்னி நேரத்துக்கு மாறியதால், மறுநாள் பாதிப்பேர் அரை மணி முன்னதாகவே பஸ்ஸருகே வந்து நின்றார்கள். நம் சங்க வரலாற்றில் இது முதல் தடவை.

திரும்பும்போது பஸ்ஸில் ஏசி நின்றுபோனது. வாடகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாகச் சொன்னவர்கள் இன்னும் தரவில்லை. இரண்டு கடிதம் போட்டாயிற்று, மூன்றாவதைப் பொருளாளர் எழுதுகிறார்.

அடுத்து ஓப்பல் கல் சுரங்க ஊரான கூபர் பீடி போகலாம் என்று கோரிக்கை வந்துள்ளது. போவதானால் ஜூலையில், வெயிலும் ஈயும் இல்லாதபோது. சந்தா பாக்கி உள்ளவர்கள் பெயர்ப் பட்டியல் வாசலருகே ஒட்டப்பட்டுள்ளது.

செயலாளர்