பொன்னுருக்குக்கு முன் ஒரு கடிதம்

பாசையூர்,
யாழ்ப்பாணம்.

அன்பு மகனுக்கு,

நாங்கள் சுகம். அப்பாவின் முழங்கால் நோ கொஞ்சம் குறைந்திருக்கிறது. நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலை மூன்று தரம் வாசித்தேன். போனில் பதில் சொல்லப் போனால் பாதியில் எனக்கு அழுகை வரும், நீயும் "பிறகு கதைப்பம் அம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

தாலி வேண்டாம், நிறைகுடம் வேண்டாம், குத்துவிளக்கு வேண்டாம், தாலிக்குப் பொன் உருக்குகிற பொன்னுருக்குச் சடங்கு வேண்டவே வேண்டாம். எல்லாம் அஞ்ஞானிகளின் பழக்கம் என்று உங்கள் ஜெபக்கூட்டத்துப் போதகர் சொல்லிவிட்டார். மோதிரம் மட்டும் போதுமாம். சரி, கலியாணம் உன்னுடையது. ஆனால் அந்த 'அஞ்ஞானி' என்ற சொல் இந்த வீட்டில் ஒரு காலத்தில் என்னைக் குறித்த சொல். அதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

நான் வண்ணார்பண்ணையில் சைவ வீட்டில் பிறந்தவள் என்பது உனக்குத் தெரியும். உன் அப்பாவைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுத்தேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அப்பம்மா, "பிள்ளை அஞ்ஞான வீட்டுப் பிள்ளைதான், ஆனா நல்ல பிள்ளை" என்பார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு அது சாதாரண சொல். எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் முள் மாதிரிக் குத்தும்.

அதே அப்பம்மா என்ன செய்தார் தெரியுமா? 1996இல், இடம்பெயர்ந்து சாவகச்சேரிப் பக்கம் இருந்துவிட்டு வீடு திரும்பிய வருடம், உனக்குக் கொப்பளிப்பான் போட்டது. நாலு வயது. அப்பம்மா படலையில் வேப்பிலை செருகினார். வீட்டில் மீன் சமைக்க விடவில்லை. ஒரு கையில் செபமாலை, மறு கையில் வேப்பிலைக் கொத்து. "மாமி, இது எங்கட அம்மாளாச்சி வழக்கமெல்லோ?" என்று நான் கேட்டேன். "வேப்ப மரத்தை ஆர் படைச்சது?" என்று திருப்பிக் கேட்டார். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

உங்கள் போதகர் 'பேகன்' என்று ஆங்கிலத்தில் சொல்கிறாராம். அது லத்தீனில் 'பகானுஸ்'. முதலில் அதற்கு நாட்டுப்புறத்தான் என்பதுதான் அர்த்தம். பட்டணத்தில் புது மதம் பரவிய பிறகும் பழைய தெய்வங்களை விடாத ஆட்களுக்கு அது பட்டப்பெயர் ஆகிவிட்டது. நம்முடைய ஊரில் கதை இன்னும் வேடிக்கை. இங்கே "நீங்கள் வேதமோ, சைவமோ?" என்றுதானே கேட்பார்கள். வேதக்காரர் என்றால் கிறிஸ்தவர். பைபிளுக்குப் பெயர் வேதாகமம்: வேதமும் ஆகமமும் சேர்ந்தது. நாங்கள் போவது கோயிலுக்கு, காண்பது பூசை, தவக்காலத்தில் பிடிப்பது ஒருசந்தி. ஆனி மாதத்தில் அந்தோனியார் பெருநாளுக்குக் கொடியேற்றம். அஞ்ஞானிகளிடமிருந்து ஒன்றும் எடுக்கக்கூடாது என்றால் நீ செபிக்கவே வாய் திறக்க முடியாது, மகன்.

இது இங்கு மட்டும் நடந்ததும் இல்லை. 601இல் பாப்பரசர் முதலாம் கிரகோரி, இங்கிலாந்துக்குப் போகிற குருக்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். கோயில்களை இடிக்க வேண்டாம், சிலைகளை மட்டும் அகற்றித் தீர்த்தம் தெளித்துத் தேவாலயம் ஆக்குங்கள். மாடு வெட்டிக் கொண்டாடுகிற சனத்தை அப்படியே கொண்டாட விடுங்கள், ஆனால் கடவுளுக்கு நன்றி சொல்லி விருந்தாகச் செய்யட்டும் என்று. 609இல் ரோமில் பழைய தெய்வங்களின் பாந்தியன் கோயிலே தேவாலயம் ஆனது. இருந்ததைத் தூக்கி எறியாமல் திருப்பி வைப்பது திருச்சபைக்குப் பழகிய வேலை.

எல்லா இடமும் அப்படி மென்மையாக நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தார்கள், 1621இல் நல்லூர்க் கோயிலை இடித்தார்கள். அம்மம்மா வீட்டில் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். பிறகு 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். புரட்டஸ்தாந்தரான அவர்களுக்குக் கத்தோலிக்கரும் விக்கிரகக்காரர்தான். நம் பூசைக்கும் தடை. மாந்தையில் இருந்த மாதா சொரூபத்தை 1670இல் காட்டுக்குள் தூக்கிக்கொண்டு ஓடியதால்தான் மடு மாதா கோயில் உண்டானது. 1687இல் யோசேப் வாஸ் அடிகள் பிச்சைக்காரனைப் போல் வேடமிட்டுத்தான் யாழ்ப்பாணத்துக்குள் நுழைந்தார். அவரைத்தான் 2015இல் பாப்பரசர் கொழும்புக்கு வந்து புனிதர் ஆக்கினார். இன்று சைவரை அஞ்ஞானி என்கிற நம் ஆட்களின் பூட்டன்மாரை அன்று வேறொருவன் அதையேதான் சொன்னான்.

சைவத்துக்காக வாதாடிய ஆறுமுக நாவலரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிளைத் தமிழாக்க உதவியவர் அவர். அதை வரிவரியாகப் படித்ததால்தான் பின்னால் மிஷனரிமாரைப் பிடித்துக் கேட்டார்: எருசலேம் ஆலயத்தில் விளக்கும் தூபமும் பலியும் இருந்தனவே, எங்கள் கோயிலில் இருந்தால் மட்டும் பாவமோ? அதே நாவலர் ஊர்க்கோயில்களில் ஆடு வெட்டுவதையும் கடுமையாகக் கண்டித்தார். யாருக்கு யார் அஞ்ஞானி என்று பார்க்கப் போனால் முடிவே வராது.

சரி, தாலிக்கு வருவோம். இந்த வழக்கு உங்கள் போதகர் தொடங்கியது இல்லை, முந்நூறு வருடப் பழசு. 1704இல் ரோமிலிருந்து வந்த தூதர் தூர்னோன் புதுச்சேரியில் இருந்து ஒரு கட்டளை போட்டார். பிள்ளையார் உருவம் உள்ள தாலி கூடாது, சிலுவையோ மாதா உருவமோ இருக்கலாம் என்றார். 108 இழை மஞ்சள் கயிறும் கூடாது என்றார். கவனி, தாலியே கூடாது என்று அவ்வளவு கடுமையான மனிதர்கூடச் சொல்லவில்லை. அப்பம்மாவின் தாலியில் சிலுவை ஏன் இருக்கிறது என்று சின்ன வயதில் கேட்டாயே, அதற்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

நீ பிடித்துக்கொண்டிருக்கிற மோதிரம் மட்டும் எங்கிருந்து வந்தது? பைபிளில் ஆதாமும் ஏவாளும் மாற்றிக்கொண்டதா? ரோமர் நிச்சயம் செய்யும்போது பெண்ணுக்கு இரும்பு மோதிரம் கொடுப்பார்கள் என்று முதலாம் நூற்றாண்டில் ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். அவர் அசல் அஞ்ஞானி!

நீ இருக்கிற நோர்வேயையே பார். நத்தாருக்கு அங்கே 'யூல்' என்றுதானே சொல்கிறார்கள்? அது கிறிஸ்தவம் வருமுன்னரே இருந்த பனிக்காலக் கொண்டாட்டத்தின் பெயர். உங்கள் ஜெபக்கூட்டம் வியாழக்கிழமை என்றாய். நோர்வே பாஷையில் 'டோர்ஸ்டாக்', இடித்தேவன் தோரின் நாள். அதை எந்தப் போதகரும் மாற்றவில்லை. நீ படம் அனுப்பிய அந்தப் பழைய மரத் தேவாலயக் கூரையில் பறவைநாகத் தலைகள் நீட்டிக்கொண்டு நின்றனவே, அவற்றையும் யாரும் வெட்டி எறியவில்லை.

டிசம்பர் 25 சூரியத் தேவனின் நாளைத் திருடியது என்று நீ அனுப்பிய வீடியோவையும் பார்த்தேன். அவ்வளவு உறுதியாகச் சொல்லிவிட முடியாது. 354ஆம் ஆண்டு ரோமில் தொகுத்த பஞ்சாங்கம் ஒன்றில் 'வெல்ல முடியாதவன்' என்கிற சூரியத் தேவனின் பிறந்தநாளும் இயேசுவின் பிறப்பும் அதே திகதியில் இருக்கின்றன, அது உண்மை. மார்ச் 25இல் கர்ப்பம் என்று வைத்து ஒன்பது மாதம் எண்ணியதால் வந்த நாள் என்று இன்னொரு விளக்கமும் உண்டு. வீடியோவில் முதலாவதை மட்டும்தான் சொல்கிறார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. இந்த நாளில் ஐரோப்பாவில் பழைய தெய்வங்களைத் தேடிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஐஸ்லாந்தில் 1972இல் அதற்கென்று சங்கமே தொடங்கினார்கள், அடுத்த வருடம் அரசாங்கம் அங்கீகரித்தது. இங்கிலாந்தில் 'விக்கா' என்று அப்படியொரு புதுச் சமயத்தைப் பரப்பிய ஜெரால்ட் கார்ட்னர், வாலிப வயதில் நம் நாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அங்கே வெள்ளைக்காரர் தேடிப் போகிறதை இங்கே நாம் கழற்றி எறியப் பார்க்கிறோம்.

உன் பட்டியலில் ஒன்று இல்லாததைக் கவனித்தேன். சீதனம். அதைப் பற்றிப் போதகர் ஒன்றும் சொல்லவில்லையா? அதை வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவருக்கு நானே மெழுகுதிரி கொளுத்தியிருப்பேன்.

பொன்னுருக்கில் மந்திரம் ஒன்றும் இல்லை. நம் வீட்டில் சுவாமியார் செபம் சொல்லுவார், பத்தர் பொன்னை உருக்குவார், எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், பிறகு சாப்பாடு. அப்பம்மா சாகுமுன் தன் பழைய காப்பு ஒன்றை உன் தாலிக்கென்று என்னிடம் தந்துவிட்டுப் போனார். அந்த அஞ்ஞான வீட்டுப் பிள்ளையை நம்பித்தான் தந்தார்.

பத்தர் வருகிற வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். காப்பு அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது. வேண்டாம் என்று நீயும் அந்தப் பிள்ளையும் சேர்ந்து முடிவெடுத்தால் காப்பாகவே அவளுக்குப் போட்டுவிடுகிறேன், எனக்குக் கோபம் இல்லை. ஆனால் முடிவை நீயே சொல், போதகர் வழியாக வேண்டாம். வியாழக்கிழமை இரவுக்குள் போன் எடு.

அன்புடன்,
அம்மா