பாவமில்லாத ஓராண்டும் நிற்கிற சம்பளமும்

அன்பு மகனுக்கு,

கோபியிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் நலம்.

உன் கடிதத்தில் இரண்டு செய்திகள் இருந்தன. திருப்பூரில் நீ இப்போது போய்வரும் கிறிஸ்தவ ஐக்கியத்தில், மறுபடியும் பிறந்தவன், அதாவது கிறிஸ்துவை விசுவாசித்துப் புதுவாழ்வு பெற்றவன், பாவமே செய்யாமல் வாழ முடியும் என்று போதிக்கிறார்கள் என்றும், கடந்த ஓராண்டாக அறிந்து எந்தப் பாவமும் செய்யவில்லை என்று நீ எழுந்து சாட்சி சொன்னாய் என்றும் மகிழ்ச்சியோடு எழுதியிருந்தாய். கடைசிப் பத்தியில், எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து பில் பணம் வராததால் உன் தையல் யூனிட்டில் தைக்கிறவர்களுக்குச் சனிக்கிழமைச் சம்பளம் நின்றுபோயிருக்கிறது என்று போகிறபோக்கில் குறிப்பிட்டிருந்தாய். நீ இவற்றைத் தனித்தனிச் செய்திகளாக எழுதினாய்; எனக்கு அவை ஒன்றாகவே படுகின்றன.

நீ ஆதாரமாகக் காட்டிய வசனம், "தேவனால் பிறந்த எவனும் பாவஞ்செய்யான்" என்பது. வேதத்தில் யோவான் எழுதிய முதல் நிருபமாகிய கடிதத்தின் மூன்றாம் அதிகாரத்தில் உள்ள அந்த வார்த்தையை நானும் நம்புகிறேன். ஆனால் அதே கையால், அதே நிருபத்தின் முதல் அதிகாரத்தில், "நமக்குப் பாவமில்லையென்போமானால், நம்மை நாமே வஞ்சிக்கிறவர்களாயிருப்போம்" என்றும் எழுதப்பட்டிருக்கிறது. பாவத்தையே தன் வீடாக்கிக்கொண்டு அதில் குடியிருப்பது தேவனுடைய பிள்ளைக்குக் கூடாத காரியம் என்பதையும், வெளிச்சத்தில் நடக்கிறவனுக்கும் அறிக்கையிடவும் கழுவப்படவும் தேவை இருந்துகொண்டே இருக்கும் என்பதையும் சேர்த்தே யோவான் சொல்லுகிறார்.

சபையில் இந்த விவாதம் புதிதல்ல. மனிதன் தன் சித்தத்தின் பலத்தாலேயே பாவமின்றி வாழலாம் என்று பெலேஜியஸ் என்ற பழைய காலத்துத் துறவி போதித்தபோது, வட ஆப்பிரிக்காவின் பிஷப் அகுஸ்தீன் அதை எதிர்த்து எழுதினார். 418-ஆம் ஆண்டு வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் கூடிய பிஷப்மாரின் சங்கம், பரிசுத்தவான்கள் "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று ஜெபிப்பது வெறும் தாழ்மைக்காகத்தான் என்ற கருத்தைத் தள்ளியது. அவர்களும் அதை உண்மையாகவே ஜெபிக்கிறார்கள் என்றது. உன் ஐக்கியத்தார் மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியை மேற்கோள் காட்டுவார்களானால் அதற்கும் பதில் உண்டு. தாராபுரத்து வெஸ்லியன் மிஷன் குடும்பத்தில் பிறந்த எனக்கு அவரை விட்டுக்கொடுக்க மனமில்லை. அறிந்த கட்டளையை மனதார மீறுவதே சரியான பொருளில் பாவம் என்று அவர் சொன்னது மெய்தான். ஆனால் அறியாமையால் நேரும் மீறுதல்களுக்கும் கிறிஸ்துவின் இரத்தம் தேவை என்றும், அன்பில் பூரணப்பட்டவனுக்கும் அந்த மன்னிப்பின் ஜெபம் உரியது என்றும் அவரே எழுதினார். பாவமற்ற பூரணம் என்ற சொற்றொடரைத் தாம் பயன்படுத்துவதில்லை என்றும் சொன்னார்.

இனி என் மனதை உறுத்துகிற காரியத்துக்கு வருகிறேன். குடிப்பதில்லை, சினிமாவுக்குப் போவதில்லை, பொய் பில் போடுவதில்லை என்று உன் சாட்சியில் வரிசையாகச் சொல்லியிருக்கிறாய். அவை நல்லவையே. ஆனால் "நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்" என்று தொடங்குகிற லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பார். வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காமல் எளியவனுக்கு விடுவதும், படியிலும் நிறையிலும் அநியாயம் செய்யாதிருப்பதும், வேற்றூரிலிருந்து வந்து உன்னிடத்தில் தங்குகிறவனைச் சுதேசியைப்போல நேசிப்பதும் அங்கே பரிசுத்தம் என்ற பெயரில்தான் வருகின்றன. பதின்மூன்றாம் வசனம் கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது என்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து உன் பவர் டேபிள் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளை அந்த அதிகாரத்தின் இரண்டு வசனங்கள் ஒரேசமயத்தில் தொடுகின்றன. மளிகைக் கடையில் அவர்களுக்குக் கடன் சொல்ல ஆள்கூடக் கிடையாது.

கம்பெனி பணம் தரவில்லை என்பது உண்மையான காரணம். பில் வராமல் யூனிட் நடத்துகிறவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தாமதத்தின் பாரம் முழுவதும் உனக்குக் கீழே இருக்கிறவர்கள்மேல் இறங்கியிருக்கிறது. புது வண்டிக்கு முன்பணம் கட்டியாயிற்று என்று மருமகள் சொன்னாள். ஆகவே பணமே இல்லை என்று நீ சொல்ல முடியாது. நீ மேற்கோள் காட்டிய மூன்றாம் அதிகாரத்திலேயே, எட்டு வசனம் தள்ளி, உலக ஆஸ்தி உள்ளவன் தன் சகோதரனுடைய குறைச்சலைக் கண்டும் இருதயத்தை அடைத்துக்கொண்டால் அவனுக்குள் தேவ அன்பு எப்படி நிலைகொள்ளும் என்று யோவான் கேட்கிறார்.

சம்பளத்தைக் கொடுத்துவிட்டால் தேவன் உன்னை ஏற்றுக்கொள்வார் என்று நான் எழுதவில்லை. நாம் கிருபையினால், விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டோம். வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திருப்பிக் கொடுப்பேன் என்று சொன்னது, இயேசு அவன் வீட்டுக்குள் வந்த பிறகுதான். அவர் உன் வீட்டுக்கும் வந்திருக்கிறார் என்று நம்புவதால்தான் இவ்வளவு தாராளமாக எழுதுகிறேன், கண்ணு.

மஞ்சள் ஈரோட்டுக்குப் போயிருக்கிறது. விற்ற பணம் வந்ததும் அப்பா உனக்கு அனுப்புவார். அது யூனிட்டில் தைக்கிறவர்களுக்கு மட்டும். வண்டித் தவணைக்கு அதைத் தொடாதே. யாருக்கு எவ்வளவு நிற்கிறது என்று பெயர் வாரியாக எழுதி, இந்தச் சனிக்கிழமைக்குள் எங்களுக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா