அந்த ஊசி வேண்டாம், மெய்யப்பா

கானாடுகாத்தான்
புரட்டாசி 12

அன்புள்ள மெய்யப்பனுக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டால் தொப்பையும் கரையும், கல்லீரல் கொழுப்பும் போய்விடும் என்று உன் ஜிம்மில் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து மனசு சரியில்லை. மற்ற செய்தியெல்லாம் அப்புறம். அவசரப்பட்டு அதைப் போட்டுக்கொண்டுவிடாதே.

எனக்கும் உன் கதைதான். சித்திரையில் வயிற்று வலி என்று ஸ்கேன் எடுத்தபோது ஃபேட்டி லிவர் என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் குடிப்பவன் இல்லை. எடையும் 68 கிலோதான், வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருந்தது. காரைக்குடியில் ஒரு டாக்டர் அரை மணி நேரம் உட்கார வைத்துப் பேசினார். நம் நாட்டில் ஒல்லியாக இருப்பவர்களுக்கும் இது வருகிறதாம். கை கால் மெலிந்து, வயிற்றுக்குள் மட்டும் கொழுப்பு சேர்வதுதான் காரணமாம். நான் கேட்கக் கேட்க அவர் ஹார்மோனைப் பற்றியும் சொன்னார்.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவுக்கு பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி. வளர்ச்சி ஹார்மோன் அங்கிருந்து விட்டு விட்டுச் சுரக்கிறது. அதில் பெரும்பங்கு ராத்திரி அயர்ந்து தூங்கும் முதல் சில மணி நேரத்தில்தான். பிள்ளைகள் உயரமாவதற்கு மட்டும்தான் அது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நம் வயதிலும் அதற்கு வேலை இருக்கிறது. வயிற்றுக்குள் சேர்ந்த கொழுப்பை உடைத்துச் செலவழிக்க வைக்கும். கல்லீரல் தானாகக் கொழுப்பு தயாரிப்பதை அடக்கும். பிட்யூட்டரி பழுதாகி இந்தச் சுரப்பு நின்றுபோனவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு அதிகம் சேர்வதை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

அதனால் உன் ஜிம்காரர் சொன்னது முழுப் பொய் இல்லை. எச்ஐவி உள்ளவர்களுக்கு வயிற்றில் சேரும் கொழுப்பைக் குறைக்க டெசமோரெலின் என்ற ஊசிக்கு 2010-ல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். அதுகூட ஹார்மோனை நேரே ஏற்றுவதில்லை, பிட்யூட்டரியைத் தூண்டிச் சுரக்க வைப்பது. 2019-ல் வந்த ஆய்வில் எச்ஐவி உள்ளவர்களின் கல்லீரல் கொழுப்பும் அதனால் குறைந்தது. ஆனால் அவர்கள் டாக்டர் கண்காணிப்பில் இருந்தவர்கள். இந்த ஹார்மோன் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்து சர்க்கரையை ஏற்றிவிடும். கை கால் வீங்கும், மூட்டு வலிக்கும். வெறும் வயிற்றில் உனக்குச் சர்க்கரை 118 இருக்கிறது என்று நீதானே எழுதினாய்? அதை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

டாக்டர் சொன்னதில் ஒன்று மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது. தொப்பை பெருக்கப் பெருக்க இந்தச் சுரப்பு குறைகிறது. தொப்பை குறைந்தால் திரும்பி வருகிறது. நம்மிடம் இருப்பதையே நாம் அமுக்கி வைத்திருக்கிறோம், மெய்யப்பா.

ஆத்தா இருந்தவரை நம் வீட்டில் ஏழு மணிக்கே ராத்திரிச் சாப்பாடு முடிந்துவிடும், உனக்கே தெரியும். நான் கடை கணக்கை முடித்துப் பத்தரைக்குச் சாப்பிட்டு, டிவி முன்னால் தேன்குழல் டின்னை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு மணிக்குப் படுப்பவனாக ஆகிவிட்டிருந்தேன். இப்போது ஏழரைக்குச் சாப்பாடு, பத்துக்குப் படுக்கை. விடியற்காலையில் ஊருணியைச் சுற்றி ஆறு சுற்று. மாலை இடைப்பலகாரத்தை நிறுத்திவிட்டு ஒரு கிண்ணம் சுண்டல். முதல் மாதம் எடை அசையவே இல்லை, விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆவணியில் ஒரு கல்யாணத்தில் சூடாகக் கந்தரப்பம் வைத்தார்கள். ஒன்று சாப்பிட்டேன், ஓரம் மொறுமொறுவென்று வெந்து ஏலக்காய் மணத்தது. இரண்டாவதுக்கு வேண்டாம் என்று கையை மறித்துக்கொண்டேன். இப்போது 63 கிலோ. எடையில் 100-க்கு 7 முதல் 10 பங்கு குறைந்தாலே கல்லீரல் அழற்சி தணியுமாம். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவான எஸ்ஜிபிடி, எனக்கு 72 இருந்தது 38-க்கு வந்துவிட்டது.

அப்புறம், வீட்டின் இரண்டாம் கட்டுத் தரையில் நாலு ஆத்தங்குடிக் கல் பெயர்ந்துவிட்டது. அதே பூ வேலையில் செய்யச் சொல்லியிருக்கிறேன், தைக்குள் பதித்துவிடுவார்கள். பொங்கலுக்கு வரும்போது உன் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளையும் எடுத்து வா. இரண்டு பேருமாக அந்த டாக்டரிடம் போவோம். அதுவரை ஊசிப் பேச்சே வேண்டாம் என்று ஒரு வரி எழுதிப் போடு.

உன்
சொக்கலிங்கம்