தேர்வு எழுதாதவர்களுக்கும் ஒரு அரைமணி நேரம்

சென்னை அண்ணா பல்கலைக்கழகம், மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆகிய இரண்டிலும் இயங்கும் கல்விப் பல்லூடக ஆய்வு மையங்களின் இயக்குநர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும்,

வணக்கம். நான் உங்கள் மாணவன் அல்ல. வேறு எந்தக் கல்லூரிக்கும் இப்போது மாணவன் அல்ல. கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டபடியே எதையாவது தெரிந்துகொள்ள முடியுமா என்று பார்க்கிறவன். என்னைப் போன்றவர்களுக்கும் வாரத்துக்கு அரைமணி நேரம் ஒரு நிகழ்ச்சி வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

1984 ஆகஸ்ட் 15 அன்று பல்கலைக்கழக மானியக் குழுவின் ‘கன்ட்ரிவைட் கிளாஸ்ரூம்’ தூர்தர்ஷனில் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு விண்ணுக்குப் போன இன்சாட்-1பி செயற்கைக்கோள்தான் அதைச் சிறிய ஊர்களுக்கும் கொண்டுவந்தது. கல்லூரி மாணவர்களுக்கான நிகழ்ச்சிதான், ஆனால் பாடத்திட்டத்தைக் கட்டிக்கொண்டு அழவில்லை. பவளப்பாறை வரும், கோயில் சிற்பம் வரும், ரத்த ஓட்டம் வரும். பெரும்பாலும் ஆங்கிலம்தான் என்பதால் நம்மில் பலருக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் மதிய நேரத்தில் வீட்டில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அந்த நிகழ்ச்சிகளைத் தயாரித்துத் தந்த பல்கலைக்கழக மையங்களின் வழியில் வந்தவர்கள்தான் நீங்கள்.

இன்று வசதி எவ்வளவோ கூடிவிட்டது. 2017இல் வந்த மத்திய அரசின் ஸ்வயம் பிரபா கல்விச் சேனல்கள் நாள் முழுக்க ஓடுகின்றன. ஒரே பாடத்தை ஒரு நாளில் பலமுறை போடுகிறார்கள், மாணவர் தனக்குத் தோதான நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு, குறை சொல்லவில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி பாடத்திட்டத்தைப் பின்பற்றிப் போவது. நான்காவது அலகின் நடுவில் போய் உட்காருகிற வெளியாளுக்கு அங்கே பிடிமானம் இல்லை. அவருக்கு மதிப்பெண் வேண்டாம், விஷயம் வேண்டும்.

என்ன மாதிரி விஷயம் என்று கேட்பீர்கள். ஒன்றே ஒன்று சொல்கிறேன்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில், 1950களில், ஜி. என். ராமச்சந்திரன் என்ற இயற்பியல் பேராசிரியரும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பைத் தேடினார்கள். நம் தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் உறுதி தருவது அதுதான். கங்காரு வாலின் தசைநாணை வைத்து எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் தெரிவது சில புள்ளிகளும் கறைகளும் மட்டுமே. அதிலிருந்து கணக்குப் போட்டு, மூன்று இழைகள் சேர்ந்த அமைப்பு இது என்று 1954இல் சொன்னார்கள். அடுத்த ஆண்டே அந்த மாதிரியைத் திருத்தி, மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியிருப்பதாகக் காட்டினார்கள்.

இதை எப்படிக் காட்டலாம்? முப்புரிக் கயிறு திரிப்பவர் ஒருவரிடம் கேமராவைக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு புரியும் ஒரு பக்கம் முறுக்கியிருக்கும், மூன்றையும் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்குவார். அதனால்தான் கயிறு பிரிந்துபோவதில்லை. கொலாஜனிலும் அப்படியே: தனி இழை இடப்பக்கமாகச் சுழல்கிறது, மூன்றும் சேர்ந்தது வலப்பக்கமாகச் சுழல்கிறது. அப்புறம் நடுவில் இருக்கிற இடுக்கைக் காட்டுங்கள். புரத இழை என்பது அமினோ அமிலங்கள் என்ற சிறு மூலக்கூறுகளைக் கோத்த மாலை. அந்த இடுக்கில் பெரிய அமினோ அமிலம் எதுவும் நுழையாது. அதனால்தான் ஒவ்வொரு இழையிலும் மூன்றுக்கு ஒன்று, எல்லாவற்றிலும் சிறியதான கிளைசினாக இருக்கிறது. பத்தாவது படித்த ஒருவருக்கு இது அரைமணி நேரத்தில் புரியும். புரிந்தவர், வயதைக் குறைக்கும் கொலாஜன் பொடி என்று செல்போனில் விளம்பரம் வந்தால் உடனே பணம் கட்டமாட்டார். விழுங்கிய கொலாஜன் வயிற்றிலும் குடலிலும் அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் உடைந்துவிடுகிறதே, அது எப்படி முழுசாக முகத்துக்குப் போகும் என்று கேட்பார்.

இப்படி இன்னும் எத்தனையோ. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது, பக்கத்திலேயே பிச்சாவரம். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம், கோவையில் இந்தியாவின் கரும்பையே மாற்றிய இனப்பெருக்க நிலையம். எல்லாம் பஸ் பிடித்துப் போகிற தூரம்தான், ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று அந்தந்த ஊர்க்காரர்களுக்கே தெரியாது.

யார் பார்ப்பார்கள் என்ற கேள்வி உங்கள் கூட்டங்களில் வரும். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971 முதல் பிபிசியில் பாடம் நடத்தியது. மாணவர்கள் வேறு வழிகளில் பாடம் பார்க்கத் தொடங்கியதும், 2006இல் அந்த ஒளிபரப்பை நிறுத்தியது. ஆனால் தொலைக்காட்சியை விடவில்லை. பிபிசியுடன் சேர்ந்து எல்லாருக்குமான தொடர்களில் இறங்கியது. 2017இல் வந்த ‘புளூ பிளானட் 2’ கடல் தொடர் அப்படி வந்ததுதான். பார்த்தவர் கேட்டால் கடல் சுவரொட்டி ஒன்றை வீட்டுக்கே இலவசமாக அனுப்பினார்கள். அவ்வளவு பணம் உங்களிடம் இல்லை, தெரியும். நான் கேட்பது கடலுக்கடியில் கேமரா அல்ல.

நம் நாட்டிலேயே யஷ் பால் இருந்தார். 1975–76இல் செயற்கைக்கோள் வழியாக 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி போன சோதனையை நடத்திய அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் தலைவர், பின்னாளில் மானியக் குழுவின் தலைவர். அவர்தான் தூர்தர்ஷனின் ‘டர்னிங் பாயின்ட்’ நிகழ்ச்சியில் உட்கார்ந்து, நேயர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். எந்தக் கேள்வியையும் அற்பம் என்று அவர் ஒதுக்கவில்லை. அந்த மரியாதைதான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது.

ஆகவே, கேட்பது இதுதான். வாரத்துக்கு அரைமணி நேரம், தமிழில், எந்தத் தேர்வோடும் சேராத ஒரு நிகழ்ச்சி. ஆய்வு செய்கிறவரே வந்து பேசட்டும், தன் ஆய்வுக்கூடத்தில் நின்று பேசட்டும். தமிழ் தடுமாறினாலும் பரவாயில்லை, நாங்கள் பொறுத்துக்கொள்வோம். கடைசிப் பத்து நிமிடம் நேயர் கேள்விக்கு. அஞ்சலட்டையில் வந்தாலும் வாட்ஸ்அப்பில் வந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். இரவு எட்டரைக்கு மேல் போடுங்கள், அப்போதுதான் கடைக்காரர்களும் வேலைக்குப் போகிற பெண்களும் உட்காருவார்கள். யூடியூபிலும் ஏற்றிவிடுங்கள். இத்தனை ஆண்டுகளில் உங்கள் மையங்கள் எடுத்தவற்றில் இன்றும் செல்லுபடியாகிறவற்றைத் தமிழ்க் குரல் சேர்த்து வெளியிட்டால், முதல் சில மாதங்களுக்குப் புதிதாகப் படமெடுக்க வேண்டிய செலவும் குறையும்.

முதல் நிகழ்ச்சிக்குக் கிண்டியையே எடுத்துக்கொள்ளலாம். சென்னை மையத்துக்கு அது ஒரு நடை தூரம்.

இப்படிக்கு,
தேர்வு எழுதாத ஒரு நேயர்