சூப்பர் பவுல் பட்டியல்: எந்த ஆண்டு, எந்தச் சாம்பியன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கால்பந்து சீசனின் இறுதியாட்டமான சூப்பர் பவுல் நெருங்கும்போதெல்லாம் தமிழ் நாளேடுகளின் விளையாட்டுப் பக்கங்களில் ஒரு பட்டியல் வருகிறது. 1967 முதல் ஆண்டுக்கு ஓர் அணி என்று வரிசையாகப் பெயர்கள். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் அதில் ஆண்டும் குழம்புகிறது, கணக்குத் தொடங்கும் இடமும் தவறுகிறது.

முதலில் ஆண்டு. முதல் ஆட்டம் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 1967 ஜனவரி 15 அன்று நடந்தது. கிரீன் பே பேக்கர்ஸ் 35, கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் 10. ஆனால் அது 1966 சீசனின் இறுதியாட்டம். 1967 சீசனின் இறுதியாட்டம் 1968 ஜனவரி 14 அன்று மயாமியில் நடந்தது. இரண்டையும் பேக்கர்ஸே வென்றதால் எப்படி எழுதினாலும் பிழை வெளியே தெரியாது. அடுத்த வரியிலேயே மாட்டிக்கொள்வோம். 1968 சாம்பியன் யார்? சீசனைக் கேட்டால் நியூயார்க் ஜெட்ஸ். ஆட்டம் நடந்த நாளைக் கேட்டால் பேக்கர்ஸ். ஒரு சீசன் இரண்டு ஆண்டுகளில் கால் வைப்பதால் வரும் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் ஆட்டங்களுக்கு ரோமன் எண்கள் வந்தன. ஐம்பதாவது ஆட்டத்துக்கு மட்டும், ரோமன் முறையில் 50-ஐக் குறிக்கும் 'எல்' என்ற ஒற்றை எழுத்து எடுபடாது என்று 50 என்றே போட்டார்கள்.

இதைவிடப் பெரிய கண்ணி 1966 முதல் 1969 வரையான நான்கு சீசன்களில் இருக்கிறது. அப்போது என்.எஃப்.எல். (தேசியக் கால்பந்து லீக்), ஏ.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து லீக்) என்று போட்டி லீக்குகள் இரண்டு. இணைவதாக 1966 ஜூனில் அறிவித்தார்கள். ஒரே லீக்காக ஆடத் தொடங்கியது 1970-இல்தான். இடைப்பட்ட காலத்தில் சூப்பர் பவுல் என்பது இரண்டு லீக் சாம்பியன்கள் மோதிய ஆட்டம். முதல் ஆட்டத்தில் பந்துகூட இரண்டு: பேக்கர்ஸ் தாக்கும்போது வில்சன் பந்து, சீஃப்ஸ் தாக்கும்போது ஸ்பால்டிங் பந்து. ஆகவே 1968 சீசனின் என்.எஃப்.எல். சாம்பியன் பால்டிமோர் கோல்ட்ஸ், சூப்பர் பவுலை வென்றதோ ஜெட்ஸ். 1969 சீசனில் என்.எஃப்.எல். சாம்பியன் மினசோட்டா வைகிங்ஸ், சூப்பர் பவுல் சீஃப்ஸுக்கு. கோல்ட்ஸையும் வைகிங்ஸையும் வெறும் 'தோற்ற அணி' என்று எழுதுவது அவர்கள் முறையாக வென்ற பட்டத்தை அழிப்பதாகும்.

அடுத்து, கணக்கு தொடங்கும் இடம். 1967-க்கு முன் ஒன்றுமே இல்லை என்று எடுத்துக்கொண்டால் கிளீவ்லாந்து பிரௌன்ஸுக்கும் டெட்ராய்ட் லயன்ஸுக்கும் பூஜ்யம்தான். இரண்டும் சூப்பர் பவுலில் கால் வைத்ததே இல்லை. ஆனால் பிரௌன்ஸ் 1950, 1954, 1955, 1964 சீசன்களின் என்.எஃப்.எல். சாம்பியன். லயன்ஸ் 1935, 1952, 1953, 1957. கிரீன் பேயின் பட்டங்கள் 13. அவற்றில் சூப்பர் பவுல் நான்கே.

இறுதியாட்டம் என்ற ஏற்பாடு பிறந்த கதையைத் தமிழில் அதிகம் காணோம். என்.எஃப்.எல். லீக்கில் 1920 முதல் 1931 வரை இறுதியாட்டமே கிடையாது. வெற்றி விகிதத்தில் முதலில் நிற்கும் அணிக்குப் பட்டம். டிரா ஆட்டங்களைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். 1932-இல் இந்த விதி விபரீதமானது. சிகாகோ பேர்ஸ் 6 வெற்றி, 1 தோல்வி, 6 டிரா. போர்ட்ஸ்மவுத் ஸ்பார்ட்டன்ஸ் 6 வெற்றி, 1 தோல்வி, 4 டிரா. இரண்டுக்கும் ஏழுக்கு ஆறு. 10 வெற்றி, 3 தோல்வி, 1 டிரா என்றிருந்த கிரீன் பேயின் விகிதம் அதற்குக் கீழே போய்விட்டது! சமநிலையை உடைக்க டிசம்பர் 18 அன்று கூடுதலாக ஓர் ஆட்டம் வைத்தார்கள். பனியும் குளிரும் கடுமையாக இருந்ததால் ஆட்டம் சிகாகோ ஸ்டேடியம் என்ற உள்ளரங்குக்குள் போனது. இடம் போதாமல் மைதானத்தை 80 கெஜமாகக் குறுக்கினார்கள். பேர்ஸ் 9-0 என்று வென்றது. அந்த ஆட்டத்தையும் லீக் கணக்கில் சேர்த்ததால் தோற்ற போர்ட்ஸ்மவுத் எட்டுக்கு ஆறாகி, கிரீன் பேக்கும் கீழே மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. அந்த ஸ்பார்ட்டன்ஸ்தான் 1934-இல் டெட்ராய்ட்டுக்குப் போய் லயன்ஸ் ஆனது.

பேர்ஸுக்கு வெற்றி தந்த டச்டவுனிலும் (பந்தை எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் கொண்டுசேர்ப்பது) தகராறு. பந்தை முன்னோக்கி எறிபவர், ஒவ்வொரு முறையும் ஆட்டம் தொடங்கும் இடமான ஆட்டக் கோட்டுக்கு 5 கெஜமாவது பின்னால் நிற்கவேண்டும் என்பது அன்றைய விதி. பந்தை எறிந்த பேர்ஸ் வீரர் ப்ரோங்கோ நகுர்ஸ்கி அப்படி நிற்கவில்லை என்று ஸ்பார்ட்டன்ஸ் வாதிட்டது. மறு ஆண்டே அந்த விதியைத் தளர்த்தி, கோட்டுக்குப் பின்னால் எங்கிருந்தும் எறியலாம் என்றார்கள். அணிகளை இரண்டு பிரிவாக்கி, பிரிவு வென்றவர்கள் மோதும் இறுதியாட்டமும் 1933-இல் வந்தது. அன்று பேர்ஸ் 23, நியூயார்க் ஜயண்ட்ஸ் 21. இன்றைய சூப்பர் பவுலின் எலும்புக்கூடு அதுதான்.

1970-க்குப் பிந்தைய ஆண்டுகளை உங்கள் பட்டியல்கள் ஓரளவு சரியாகவே சொல்கின்றன. ஒன்று மட்டும். கோல்ட்ஸ், பிரௌன்ஸ், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் மூன்றும் அந்த ஆண்டு பழைய ஏ.எஃப்.எல். அணிகளோடு, இணைந்த லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான ஏ.எஃப்.சி.க்கு மாறின. மூன்றாம் சூப்பர் பவுலில் என்.எஃப்.எல். சார்பில் தோற்ற கோல்ட்ஸ், ஐந்தாவதில் ஏ.எஃப்.சி. சார்பில் டல்லஸ் கௌபாய்ஸை 16-13 என்று வென்றது அதனால்தான். அச்சுப் பிழை என்று நினைத்துத் திருத்திவிட வேண்டாம்.

ஸ்கோரை 'கோல்' என்று எழுதும் வழக்கத்தையும் விடவேண்டும். மூன்றாம் சூப்பர் பவுலில் ஜெட்ஸ் 16-7 என்று வென்றது 16 கோல் அடித்து அல்ல. ஒரு டச்டவுனுக்கு 6, அதையடுத்த உதைக்கு 1, கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துப் பெறும் மூன்று ஃபீல்ட் கோல்களுக்குத் தலா 3. 'புள்ளி' என்ற சொல் போதும்.

அடுத்த முறை பட்டியல் போடும்போது சீசன், ஆட்டம் நடந்த தேதி, சூப்பர் பவுல் எண் என மூன்று பத்திகள் கொடுங்கள். 1966 முதல் 1969 வரையான நான்கு வரிகளில் மட்டும் இரண்டு லீக் சாம்பியன்களின் பெயரும் வரட்டும். 1933 முதல் 1965 வரையான என்.எஃப்.எல். இறுதியாட்டங்கள் 33 வரிகளில் அடங்கிவிடும். அவற்றைத் தனிப் பெட்டியாகப் போடலாம்.

இப்படிக்கு,
அமெரிக்கக் கால்பந்தைத் தொடர்ந்து கவனிக்கும் வாசகர்கள்